சுருங்கும் பெயர்கள்: இனப்பெயரும் இழிபெயரும்

ஒரு நாட்டாரையோ இனத்தாரையோ குறிக்கும் பெயரைச் சுருக்கி வழங்குவது இழிவுபடுத்துவதாகுமா, அல்லது வாய்ப்பழக்கம் என்று கடந்து போகத்தக்கதா என்னும் வினா இன்று பல மொழிகளிலும் எழுப்பப்படுகிறது. ஆங்கிலத்தில் 'பாக்கி', 'ஜாப்' ஆகிய சொற்களைச் சுற்றியும், மலேசியாவில் 'கிலிங்', மியான்மரில் 'கலா', இலங்கையில் 'சோனி' ஆகிய சொற்களைச் சுற்றியும் நெடுநாளைய மனக்கசப்புகள் உள்ளன. தமிழ்நாட்டில் 'துலுக்கன்' என்ற சொல் பழையது. 'வடக்கன்' என்ற சொல் அண்மைக் காலத்தில் பரவியது. இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கிலிங், கலா, சோனி, துலுக்கன் ஆகிய நான்கும் ஏதேனும் ஓர் இடத்தில் தமிழ் பேசும் முஸ்லிமின்மீது வீசப்பட்டவை. வடக்கன் என்பதோ நம் வாயிலிருந்தும் புறப்படுவது. ஆகவே இவ்வினாவை மொழியியலாருக்கும் வழக்கறிஞருக்கும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

சட்டமும் ஒழுக்கமும்

2025 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்கலாம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் உருது மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அரசு ஊழியர் ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட தகவலை நேரில் கொடுக்கச் சென்றார். தகவல் கேட்டிருந்தவர் அவரை 'மியான்-தியான்' என்றும் 'பாகிஸ்தானி' என்றும் ஏசியதாக வழக்கு. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் அடங்கிய அமர்வு, அச்சொற்கள் பண்பற்றவை என்பதை ஒப்புக்கொண்டது. எனினும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவு கூறும் 'மத உணர்வைப் புண்படுத்தும்' குற்றத்தின் வரையறைக்குள் அவை அடங்கா என்று முடிவு செய்தது.

இத்தீர்ப்பைக் கேட்டுக் குமுறுவதும் எளிது. 'நீதிமன்றமே சொல்லிவிட்டது, இதில் தவறொன்றுமில்லை' என்று மகிழ்வதும் எளிது. இரண்டும் சட்டத்தையும் ஒழுக்கத்தையும் ஒன்றெனக் கொள்வதால் வருபவை. ஃபிக்ஹு கற்றவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஒருவர்மீது விபச்சாரப் பழி சுமத்தும் 'கத்ஃப்' குற்றத்தில் வெளிப்படையான சொல்லுக்கே 'ஹத்' எனும் வரையறுக்கப்பட்ட தண்டனை உண்டு. 'தஃரீள்' எனப்படும் சாடைப்பேச்சுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஹத் இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) இதில் மாறுபடுகிறார். ஹத் இல்லை என்பதனால் சாடைப்பேச்சு ஆகுமானது என்று எந்த ஷாஃபிஈ அறிஞரும் எழுதி வைக்கவில்லை. தண்டனையின் எல்லை வேறு, பாவத்தின் எல்லை வேறு. உச்ச நீதிமன்றம் முன்னதைக் குறித்துப் பேசியது. பின்னதைக் குறித்துப் பேசவேண்டிய கடமை சமுதாயத்துக்கு உரியது.

அவ்வழக்கில் வந்த 'மியான்-தியான்' என்ற தொடரையே சற்று ஆராய்வோம். 'மியான்' பாரசீக-உருது மரபில் மதிப்புச் சொல். தமிழில் 'ஐயா' என்பதற்கு நிகர். 'தியான்' என்பதற்குத் தனிப்பொருள் கிடையாது; முன்சொல்லின் எதிரொலி மட்டுமே. அரபு மொழியிலும் இத்தகைய இணைகள் உண்டு. 'ஹஸன் பஸன்', 'ஷைத்தான் லைத்தான்' போன்றவற்றை மொழிநூலார் 'இத்பாஃ' என்று பெயரிட்டுத் தொகுத்துள்ளனர். இப்னு ஃபாரிஸ் (ரஹ்) இதற்கென்றே ஒரு நூல் செய்தார். ஆனால் அரபியில் இத்பாஃ பெரும்பாலும் அழுத்தத்துக்கு வரும். இந்தியிலும் தமிழிலும் அது வேறு வேலை செய்கிறது. 'பணம் கிணம்' என்றால் பணமும் அதுபோன்ற பிறவும் என்று பொருள். ஒரு மனிதருடைய மதிப்புப் பெயரோடு இவ்வெதிரொலியைச் சேர்க்கும்போது அவர் தனியொருவராக இல்லாமல் 'இந்த வகையறா' ஆகிவிடுகிறார். கவனிக்க: இங்கே சொல் சுருங்கவில்லை, நீண்டிருக்கிறது. மதிப்புதான் குறைந்திருக்கிறது.

இத்தகைய சொற்களைக் காப்பாற்ற முன்வைக்கப்படும் வாதங்கள் மூன்று. வேர்ப்பொருள் நல்லது என்பது ஒன்று. இது வெறும் சுருக்கம் என்பது இரண்டாவது. சொன்னவர் மனத்தில் தீய எண்ணம் இல்லை என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

வேர்ப்பொருள் வாதம்

'பாகிஸ்தான்' என்ற பெயர் 1933இல் சௌத்ரி ரஹ்மத் அலி வெளியிட்ட துண்டு நூலில் தோன்றியது. நிலப்பகுதிகளின் முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கப்பட்ட அப்பெயரில் 'பாக்', தூய்மை, என்ற பாரசீகச் சொல்லும் ஒலிக்கும்படி அமைந்தது. அவ்வாறாயின் 'பாக்கி' என்பதற்கு 'தூயவர்' என்றன்றோ பொருள் கொள்ளவேண்டும்? (நம் கடைக்கணக்கில் வரும் 'பாக்கி', எஞ்சியது என்னும் 'பாகீ' என்ற அரபுச் சொல், அது வேறு.) ஆனால் 1960களின் பிற்பகுதி தொடங்கி இங்கிலாந்தின் தெருக்களில் அச்சொல்லைக் கூவிக்கொண்டு அடிக்க வந்தவர்கள் பாரசீக அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை. அடிபட்டவர்களும் பாகிஸ்தானியர் மட்டுமல்லர். இந்தியர், வங்காளதேசத்தார், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்தியர் என மாநிறத்தார் எவராயினும் அச்சொல் போதுமானதாக இருந்தது.

உஸூலுல் ஃபிக்ஹு பயிலும் முதலாண்டு மாணவர்க்கே இதற்கு விடை தெரியும். ஒரு சொல்லுக்கு 'ஹகீகத் லுகவிய்யா' என்ற மொழிவழிப் பொருளும், 'ஹகீகத் உர்ஃபிய்யா' என்ற வழக்குவழிப் பொருளும் உண்டு. 'தாப்பா' என்றால் வேர்ப்பொருளில் பூமியில் ஊர்வன, நடப்பன அனைத்தும் அடங்கும். வழக்கிலோ அது நாற்கால் பிராணியைக் குறிக்கும். மனிதனும் பூமியில் நடப்பவன்தானே என்று ஒருவரைத் 'தாப்பா' என்றழைத்துவிட்டு அகராதியை நீட்டினால் யார் ஏற்பார்? வழக்கு நிலைபெற்றபின் வேரைக் காட்டி வாதிடுவது சட்ட மரபிலும் செல்லாது, மொழி மரபிலும் செல்லாது.

இதற்கு மிகக் கூர்மையான சான்று நம் சமயச் சொற்களஞ்சியத்திலேயே இருக்கிறது. 'கஃபர' என்ற வினைக்கு வேர்ப்பொருள் மூடுதல். விதையை மண்ணால் மூடுபவர் என்ற வகையில் உழவரையும் இவ்வேர்ச்சொல் குறித்ததுண்டு. இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காஃபிர்' அரபு வணிகரால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அங்குள்ள மக்களைச் சுட்ட வழங்கி, போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, ஐரோப்பிய மொழிகளில் கறுப்பினத்தாருக்கான பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் அது நிறவெறியின் தலைமை வசைச்சொல். அச்சொல்லைப் பன்முறை கூறிக் காவலரை ஏசிய ஒரு பெண்மணிக்கு 2018இல் அங்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே சொல் இலங்கையில் 'காப்பிரி' என வழங்குகிறது. புத்தளம் வட்டாரத்தில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களாகிய சிறு சமூகத்தார் அப்பெயரையே தம் பெயராகத் தயக்கமின்றிக் கூறிக்கொள்கின்றனர். வேர் ஒன்று, கடல் கடந்து வந்த வழியும் ஏறத்தாழ ஒன்று. ஓரிடத்தில் சிறைக்குரிய சொல்; மற்றோரிடத்தில் சமூகத்தின் சொந்தப் பெயர். ஆகவே சொல்லின் வேரைத் தோண்டி நற்சான்று எடுப்பதும் வீண். தீச்சான்று எடுப்பதும் வீண்.

'துலுக்கர்' என்ற சொல்லும் அவ்வாறே. துருக்கர் என்பதன் திரிபாகிய இது இடைக்காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் வழிபடப்படுகிறார். சென்னையில் துலுக்கானத்தம்மன் கோயில் உண்டு. வடசென்னையில் துலுக்காணம் என்று பெயரிடப்பட்ட இந்துப் பெரியவர்கள் பலர். விருதுநகர்ப் பக்கம் துலுக்கப்பட்டி ரயில் நிலையம் இருக்கிறது. நெல்லை மாவட்டத்துத் துலுக்கர்பட்டியில் 2022 முதல் தமிழக அரசு தொல்லியல் அகழாய்வு நடத்தியது. தோட்டத்தில் துலுக்கச் சாமந்தி பூக்கிறது. இவற்றுள் எதையும் கேட்டு நாம் முகம் சுளிப்பதில்லை, சுளிக்கத் தேவையுமில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் கதவுக்குப் பின்னால் அதே சொல் ஒலித்தால் மட்டும் சுருக்கென்று தைக்கிறது. துருக்கி நாட்டுக்கும் தமிழ் முஸ்லிமுக்கும் என்ன தொடர்பு என்பதும் அப்போது கேட்கப்படுவதில்லை.

சுருக்க வாதம்

ஆஸ்திரேலியரை 'ஆஸி' என்கிறோம்; அவர்களே தம்மை அவ்வாறு கூறி மகிழ்கின்றனர். பிரிட்டானியரைப் 'பிரிட்' என்றால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. அங்ஙனமிருக்க 'பாக்கி', 'ஜாப்' என்பன மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்பது இரண்டாவது வாதம். வாதத்தின் முதற்பகுதி சரியானது, முடிவுதான் பிழை. சுருக்கம் தானாக இழிவாகாது என்பதே இதிலிருந்து பெறப்படும். சுருக்கம் தானாகக் குற்றமற்றதும் ஆகாது. 'ஆஸி' என்பதைச் சுருக்கியவர் ஆஸ்திரேலியரே. 'ஜாப்' என்பதைப் பரப்பியது அமெரிக்காவின் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சுவரொட்டி. ஜப்பானிய வழிவந்த அமெரிக்கக் குடிமக்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்ட காலத்தின் சொல் அது. டெக்சாஸ் மாநிலத்தில் 'ஜாப் சாலை' என்று நெடுங்காலம் வழங்கிய ஒரு தெருவின் பெயர் 2004இல் மாற்றப்பட்டது.

நமக்கு அண்மையில் 'சோனகர்' என்ற பெயரின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். யவனர் என்பதோடு தொடர்புடைய இச்சொல் மேற்கிலிருந்து வந்த வணிகரைக் குறித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றில் 'சோனகன் சாவூர்' என்ற வணிகரின் பெயர் கொடையாளராக இடம்பெறுகிறது. இலங்கையில் முஸ்லிம்கள் தம்மைச் சோனகர் என்றே அழைத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டார். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலெழுதினார். இனத்தை யார் வரையறுப்பது என்பதற்காக அறிவுலகில் நடந்த போர் அது. பின்னர் 1944இல் ஸர் ராஸிக் ஃபரீத் 'சோனக இஸ்லாமிய கலாசார நிலைய'த்தை நிறுவினார். இவ்வளவு பெருமையோடு காக்கப்பட்ட பெயரின் ஈற்றை வெட்டிச் 'சோனி' என்றால் அது வசை. ஏனெனில் வெட்டியது அடுத்த வீட்டார்; வெட்டப்பட்டவரைக் கேட்டு வெட்டவில்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வடபுலத்திலிருந்து முஸ்லிம்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றியபின், அச்சொல்லின் கசப்பு மேலும் முற்றியிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

தமிழில் இனப்பெயர் சுருங்கும் முறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆங்கிலம் பெயரின் உடலை வெட்டுகிறது. தமிழ் பெரும்பாலும் விகுதியை வெட்டுகிறது. துலுக்கர் துலுக்கனாகிறார், பர்மாக்காரர் பர்மாக்காரனாகிறார், வடநாட்டார், வடக்கத்தியார் என்றிருந்தவர் வடக்கன் ஆகிறார். 'அர்', 'ஆர்' விகுதிகள் தமிழில் மரியாதையின் இருப்பிடம். முன்பின் அறியாத ஒருவரை 'அவன்' என்பது எவ்வளவு பண்பற்றதோ, அவருடைய சமூகம் முழுவதையும் 'அன்' விகுதியால் சுட்டுவதும் அவ்வளவு பண்பற்றதே. மாறாக, 'பாய்' என்பது இரண்டே எழுத்து. சகோதரர் என்ற பொருளோடு, கடைவீதியில் நேர்முகமாக விளிக்கவும் பயன்படுவதால் அது பெரும்பாலும் இழிவாக ஒலிப்பதில்லை.

முழுப்பெயரே வசையாகும் நிலையும் உண்டு. 2025இல் வட இந்தியாவின் சில பகுதிகளில் வங்காள மொழி பேசும் முஸ்லிம் தொழிலாளர்கள் 'பங்களாதேஷி' என்ற ஐயத்தின்பேரில் பிடித்து வைக்கப்பட்டனர். அச்சொல்லில் ஓரெழுத்தும் குறையவில்லை. அந்நாட்டுக் குடிமகனுக்கு அது மதிப்பான பெயர். மேற்கு வங்காளத்துக் கூலித்தொழிலாளியின் மீது ஏவப்படும்போது அது அவருடைய குடியுரிமையையே பறிக்கும் குற்றச்சாட்டு. ஆகவே எழுத்துகளை எண்ணுவதால் பயனில்லை.

நோக்க வாதம்

மூன்றாவது வாதமே வலிமை வாய்ந்தது. 2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இந்தியா-பாகிஸ்தான் பதற்றத்தைக் குறித்துப் பேசுகையில் பாகிஸ்தானியரைப் 'பாக்கிகள்' என்று குறிப்பிட்டார். அவர் எவரையும் இழிவுபடுத்தக் கருதவில்லை என்று வெள்ளை மாளிகை விளக்கம் அளித்தது. அது உண்மையாகவே இருக்கலாம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நமக்கும் அடிப்படை விதி. எனில் நல்லெண்ணம் உள்ளவர் எதையும் சொல்லலாமா?

அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் பட்டப்பெயர் சூட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அங்கே ஆளப்படும் 'தனாபுஸ்' என்ற சொல் 'தஃபாஉல்' வாய்பாட்டில் அமைந்தது. இருபுறமும் நிகழும் செயலைக் குறிப்பது அவ்வாய்பாடு. நான் உனக்கொன்று, நீ எனக்கொன்று என்று பெயர் எறிந்து விளையாடும் நிலையே தடுக்கப்படுகிறது. வசனத்தின் பின்னணியாக அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் வரும் செய்தி நம் வினாவுக்கு நேரடி விடையளிக்கிறது. நபிகளார் (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது பனூ ஸலிமா குலத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றால் நபிகளார் ஒருவரை அழைக்கும்போது, இறைத்தூதரே, அப்பெயரை அவர் வெறுக்கிறாரே என்று உடனிருந்தோர் தெரிவித்தனர். அப்போது இவ்வசனம் அருளப்பட்டது.

இதன் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். அழைத்தவர் நபிகளார் (ஸல்). அவர்களுடைய நோக்கத்தில் மாசு இருந்திருக்கும் என்று எவரும் நினைக்கவும் இயலாது. ஆயினும் அங்கு எடுத்துரைக்கப்பட்ட செய்தி அழைக்கப்பட்டவரின் வெறுப்பே. சொல்பவரின் உள்ளம் அவரை இறைவனிடத்தில் காப்பாற்றலாம், சொல்லைக் காப்பாற்றுவதில்லை.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்விதியை நடைமுறையில் எவ்வாறு கையாண்டனர் என்பது மேலும் தெளிவு தரும். அறிவிப்பாளர் வரிசையில் 'அல்-அஃமஷ்' (கண்பார்வை மங்கியவர்), 'அல்-அஃரஜ்' (கால் ஊனமுற்றவர்) என்ற பட்டப்பெயர்கள் மலிந்துள்ளன. வேறு வகையில் அடையாளம் காணமுடியாத இடத்தில், குறை கூறும் நோக்கமின்றி இவற்றை ஆளலாம் என இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் தெளிவுபடுத்தினர். அதேவேளை, பஸ்ராவின் பெரும் ஹதீஸ் அறிஞர் இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் (ரஹ்) தம் தாயின் பெயரோடு சேர்த்து 'இப்னு உலய்யா' என்றழைக்கப்படுவதை வெறுத்தார். அப்பெயரோ உலகறிந்தது, அதைத் தவிர்த்தால் ஆளை அடையாளம் தெரியாது. எனவே இமாம் ஷாஃபிஈ (ரஹ்), 'இப்னு உலய்யா எனப்படும் இஸ்மாயீல்' என்று கூறி அறிவிப்பார்கள் என்பது பதிவு. 'எனப்படும்' என்ற அச்சிறு சொல்லில் தேவையும் நிறைவேறுகிறது. மனிதரின் விருப்பமும் காக்கப்படுகிறது.

நாட்டுப்பெயர் ஒட்டுவது தன்னளவில் குற்றமன்று என்பதற்கும் நம் வரலாறே சான்று. பிலால் அல்-ஹபஷீ, ஸல்மான் அல்-ஃபாரிஸீ, ஸுஹைப் அர்-ரூமீ (ரலி) ஆகிய பெயர்களை நாம் மதிப்போடு ஓதுகிறோம். அப்பெயர்கள் அவர்களைப் புறத்தே நிறுத்தப் பயன்படவில்லை; தோழர்களின் வரிசையில் ஒருவராக அடையாளம் காட்டவே பயன்பட்டன. மறுபுறம், ஸஹீஹுல் புகாரியில் வரும் அபூதர் (ரலி) நிகழ்ச்சியை நினைவுகூர்க. அவர்கள் ஒருவரை ஏசியபோது, அரபியரல்லாத தாயின் மகன் என்பதைக் குத்திக் காட்டினார்கள். 'அஜமீ' என்பது வெறும் அடையாளச் சொல்தானே என்று நபிகளார் (ஸல்) விட்டுவிடவில்லை. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். அஜமிகளாகிய நாம் இக்கண்டிப்பை மறப்பதற்கில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கேட்பவரின் வெறுப்பே அளவுகோலென்றால், தொட்டாற்சிணுங்கியான எவரும் எந்தச் சொல்லையும் தடுத்துவிடலாமே என்பது அது. பொருட்படுத்தத்தக்க தடையே. தனிமனிதர் விஷயத்தில் விடை எளிது: ஒருவர் ஒரு பெயரை விரும்பாவிட்டால் வேறு பெயரால் அழைப்பதில் நமக்கு இழப்பேதுமில்லை. சமூகத்தின் விஷயத்தில் 'உர்ஃப்' எனும் பொதுவழக்கு நடுவராகும். அச்சொல் எத்தகைய சூழல்களில் வழங்குகிறது, வாழ்த்தும்போதா விரட்டும்போதா, அவர் முன்னிலையில் சொல்லத்தக்கதா அவர் போனபின் சொல்லப்படுவதா என்பன மறைபொருள்கள் அல்ல. தெருவில் காது உள்ள எவரும் அறிவர்.

தடைவிதிப்பின் எல்லை

அவ்வாறாயின் இச்சொற்களைத் தடைசெய்துவிடலாமே என்போர் உளர். மியான்மரில் இந்தியரையும் முஸ்லிம்களையும் சுட்டும் 'கலா' என்ற சொல் ரோஹிங்கியருக்கு எதிரான வெறுப்புப் பேச்சின் மையச் சொல்லாயிற்று. 2017இல் முகநூல் நிறுவனம் அச்சொல் உள்ள பதிவுகளை நீக்கத் தொடங்கியது. பர்மிய மொழியில் கடலைப் பருப்பு 'கலாபே', நாற்காலி 'கலாதைங்'. பருப்பைப் பற்றி எழுதியவரும், அவ்வசைச்சொல்லைக் கண்டித்து எழுதியவரும் சேர்ந்து தடைக்கு ஆளாயினர். வெறுப்பாளர்களுக்கோ வேறு சொல் கிடைக்காமற் போகவில்லை.

தமிழ்த் திரையில் இதற்கு இணையான காட்சியைக் கண்டோம். பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு முதலில் 'வடக்கன்' என்று பெயர். தணிக்கை வாரியம் அப்பெயரை ஏற்காததால் 2024 ஜூனில் அது 'ரயில்' என்ற பெயரோடு வெளியாயிற்று. வடநாட்டுத் தொழிலாளியை வெறுக்கும் தமிழ்க் கிராமத்தானின் மனத்தை ஆராய முற்பட்ட படம் அது. நோயின் பெயரைச் சீட்டில் எழுதக்கூடாது என்று மருத்துவரைத் தடுப்பதற்கு ஒப்பான செயல் இது. மறு ஆண்டு செப்டம்பரில் ஏ.ஆர். முருகதாஸின் 'மதராஸி' அப்பெயரோடே வெளியாயிற்று. மதராஸி என்பதும் தென்னாட்டார் அனைவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி வடக்கே வழங்கிய சொல்தான். 1960களில் பம்பாயில் சிவசேனை தென்னாட்டாரை விரட்ட முனைந்தபோது முழங்கிய சொல்தான். இங்கே அப்பெயரை எடுத்துச் சூடியவர்கள் அப்பெயரால் சுட்டப்பட்டவர்களே, ஆதலால் தைக்கவில்லை.

தென்கிழக்காசியத் தமிழ் முஸ்லிம்கள் இவ்விரு வழிகளையும் கண்டவர்கள். கலிங்கத்திலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் 'கிலிங்' மலாய் இலக்கியத்தில் முன்னர் மதிப்பான நாட்டுப்பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கைதிகளும் கூலிகளும் கொண்டுவரப்பட்டபின் அது இழிபெயராயிற்று. சிங்கப்பூரில் இந்தியச் சமூகத்தின் வேண்டுகோளுக்கிணங்கிக் கிலிங் தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா தெருவாகப் பெயர் மாற்றம் பெற்றது. பினாங்கிலோ 1801இல் காதர் முஹ்யித்தீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு கம்பீரமாக நிற்கிறது. அது நிற்கும் தெருவும் அப்பெயரையே தாங்குகிறது. இரு முடிவுகளும் சரியே. இரண்டையும் எடுத்தவர்கள் அப்பெயருக்குரியவர்கள்.

நம் தெருவின் சொல்

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரம் பெயர் சூட்டும் விளையாட்டின் இருபுறத்தையும் அறிந்தது. பர்மாவில் 1964இல் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபின் வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர் குடும்பங்களுள் பல இப்பகுதியில் குடியமர்ந்தன. எண்ணூரின் பர்மா நகர் அதன் அடையாளம். ரங்கூனில் 'கலா' என்று விரட்டப்பட்டோர் இங்கு வந்து 'பர்மாக்காரன்' ஆயினர். அங்கே இந்தியர் என்பது குற்றம். இங்கே பர்மாவிலிருந்து வந்தது குற்றம்.

அப்பெயரின் காரம் தணிந்துவரும் வேளையில் வேறொரு பெயர் கூர்தீட்டப்படுகிறது. 1948 முதல் அசோக் லேலண்டும், 1970 முதல் அனல் மின்நிலையமும் தமிழகத்தின் பல மாவட்டத்தாரை இங்கு இழுத்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டபின் வளர்ந்த சரக்குப்பெட்டக முனையங்களும் கட்டுமானப் பணிகளும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களின் உழைப்பாளரை இழுத்து வருகின்றன. இவர்கள் அனைவருக்கும் நம் தெருவில் ஒரே பெயர்: வடக்கன். 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது காவல்துறை உடனே மறுத்தது. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவும் நேரில் விசாரித்தது. செய்தி பொய்யாயிற்று, நல்லது. ஆனால் அப்பொய் அவ்வளவு விரைவாக நம்பப்பட்டதற்கு, அத்தொழிலாளர் அன்றாடம் கேட்டுப் பழகிய சொல்லும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அமைந்துவரும் அனல் மின்நிலைய வளாகத்தில் கட்டுமானம் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அஸ்ஸாம் இந்தியாவின் வடகிழக்கு மூலை. அவர்களுடைய மொழி இந்தியன்று. உணவும் உடையும் பாட்டும் பீகாரியருடையவை அல்ல. 'வடக்கன்' என்ற சொல்லுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. திசையைக்கூட அது சரியாகச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தவரை ஊரில் எவரும் கேட்டறியாத அவர்களுடைய பெயர்கள் பிணவறைப் பதிவேட்டில் எழுதும்போதுதான் தேவைப்பட்டன.

இப்பகுதிப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நாளில் வந்து நிற்போருள் வங்காளத்தாரும் பீகாரியரும் கணிசமானோர். தோளோடு தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்கிறோம். ஸலாம் கொடுத்தபின் வெளிவாயிலில் 'வடக்கனுங்க கூட்டம் இன்னைக்கு அதிகம்' என்கிறோம். தீய எண்ணமின்றித்தான் சொல்கிறோம் என்பது உண்மையாகலாம். வேர்ப்பொருளும் திசைதான், வசையன்று. சுருக்கமும் வசதிக்காகத்தான். மூன்று வாதங்களும் நமக்குச் சாதகமாகவே உள்ளன. அவை மூன்றும் 'துலுக்கன்' என்று நம்மைச் சொல்வோருக்கும் அதே அளவு சாதகமானவை. அங்கே மறுத்துவிட்டு இங்கே ஏற்பதற்கு நமக்கு உரிமையில்லை. தனாபுஸ் என்ற சொல்லின் இருபுறத் தன்மை இங்கேதான் நம்மைப் பிடிக்கிறது.

செய்யவேண்டியது கடினமானதன்று. ஜமாஅத் நிர்வாகிகள் தம் பள்ளிக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளரின் பெயர், ஊர், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் விருப்பத்தோடு ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கலாம்; விபத்தோ நோயோ நேர்ந்தால் அது உதவும். கதீப்மார்கள் 49ஆம் அத்தியாயத்தை விளக்கும்போது நமக்குச் சூட்டப்பட்ட பெயர்களை மட்டும் எடுத்துக்காட்டாமல் நாம் சூட்டும் பெயரையும் எடுத்துக்காட்டலாம். மாநிலத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டிய இடத்தில் வங்காளத்தார், ஒடியர், அஸ்ஸாமியர் என்று அவரவர்க்குரிய பெயரை மரியாதை விகுதியோடு சொல்லலாம். ஊர் தெரியாவிட்டால், அருகில் நிற்பவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்வதற்கு உருதுவோ வங்காளமோ தேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஸலாம் சொல்லத் தெரிந்திருந்தாலே போதும்.